மெட்ரோ வரும்வரை நாங்கள் எங்கே நிற்பது?

நேற்று சாயங்காலம் சென்னை சோழிங்கநல்லூர் சிக்னலுக்கு முன்னால் முக்கால் மணி நேரம் நின்றேன். பஸ்ஸுக்குள்தான். ஒரு கால் படியில், இன்னொரு கால் யாருடைய செருப்பின் மேலோ. சுற்றிலும் பார்த்தால் காருக்கு ஒரு ஆள், மிஞ்சினால் இரண்டு. எங்கள் பஸ்ஸில் எண்பது பேராவது இருப்போம். ஆனால் அந்தச் சிக்னலைப் பொறுத்தவரை நாங்களும் ஒரு வண்டி, பக்கத்தில் ஏசி போட்டுக்கொண்டு போன் பேசுகிறவரும் ஒரு வண்டி.

மனக்கணக்குப் போட்டேன், வேறு வேலை என்ன இருந்தது? எண்பது பேரையும் காருக்கு ஒன்றரை ஆள் வீதம் உட்கார வைத்தால் 53 கார். பம்பரோடு பம்பர் இடிக்க நிறுத்தினாலும் 200 மீட்டரைத் தாண்டும். அவ்வளவு ரோட்டை மிச்சம் பண்ணிக் கொடுத்துவிட்டுப் படியில் தொங்குகிறோம்.

பழைய மகாபலிபுரம் சாலை, ஓ.எம்.ஆர்., ராஜீவ் காந்தி சாலை, ஐ.டி. காரிடார். நான் நின்ற இந்த ரோட்டுக்குப் பெயருக்குக் குறைச்சலே இல்லை. 2000-இல் டைடல் பூங்கா என்ற ஐ.டி. வளாகம் வந்தது. 2008-இல் சிறுசேரி வரை ஆறு வழியாக்கினார்கள். அப்புறம் சுங்கம் வசூலித்தார்கள். 2021-இல் மெட்ரோ வேலைக்காக நான்கு சுங்கச்சாவடிகளை மூடினார்கள். நாவலூரில் மட்டும் 2023 வரை வசூல் நடந்தது. ஆறு வழியில் ஒரு வழியை, காலை மூன்று மணி நேரம், மாலை மூன்று மணி நேரம் பஸ்ஸுக்கு விடலாமே என்ற யோசனைக்கு மட்டும் இந்த ரோட்டில் இடம் கிடைக்கவில்லை.

கேட்டால் ஒரே பதில்தான்: "மெட்ரோ வந்தா சரியாயிடும்."

வரட்டும், நான் வேண்டாம் என்றா சொல்கிறேன்? இரண்டாம் கட்டத்துக்கு 2020 நவம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். மூன்று தடம், 118.9 கிலோமீட்டர், 63,246 கோடி ரூபாய். மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்ததே 2024 அக்டோபரில்தான். பெரிய வேலை, காலம் பிடிக்கும், புரிகிறது. ஆனால் இந்த ஊரில் "வந்தால்" என்ற சொல்லுக்கு எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியும். பறக்கும் ரயில், அதாவது தூண்மேல் ஓடும் பழைய நகர ரயில், 2007-இல் வேளச்சேரிக்கு வந்தது. அங்கிருந்து பரங்கிமலைக்கு வெறும் 5 கிலோமீட்டர். அதற்கான வேலை தொடங்கியபோது எல்.கே.ஜி. போன என் அக்கா மகன் கல்லூரிக்கே போய்விட்டான், அப்போதும் ரயில் பரங்கிமலையைத் தொடவில்லை. அப்படியிருக்க, மெட்ரோ வரும்வரை பஸ்ஸில் போகிறவன் என்ன செய்வான் என்று திட்டத்தில் ஒரு பக்கமாவது வேண்டாமா?

ஸ்டாப்பிங் கதையைச் சொன்னால் சிரிப்பீர்கள். போன வாரம் பஸ் நின்ற இடத்தில் இந்த வாரம் மெட்ரோ வேலைக்கான தகரத் தடுப்பு. பஸ் எங்கே நிற்கும் என்று பலகை கிடையாது. இளநீர்க் கடைக்காரரைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். (அந்த மனுஷன் இல்லாவிட்டால் இந்தப் பகுதிப் போக்குவரத்தே ஸ்தம்பித்துவிடும்.) அவர் காட்டும் இடத்துக்குப் போனால், பஸ் ஒதுங்க வேண்டிய வளைவில் கம்பெனி வேன்களும் ஷேர் ஆட்டோக்களும் வரிசையாக நிற்கும். பஸ் வேறு வழியில்லாமல் நடுரோட்டில் நிற்கும். ஆட்டோவுக்கும் பைக்குக்கும் நடுவே புகுந்து ஓடித்தான் ஏற வேண்டும். பின்னால் நிற்கிற கார் ஹாரனை அமுக்கும், "இந்த பஸ்ஸாலதான் டிராபிக்" என்று.

கார் திரும்பி வர இந்திரா நகரிலும் டைடல் சந்திப்பிலும் 'யு' வடிவத்தில் மேம்பாலமே கட்டியாயிற்று. நான் எதிர்ப்பக்க ஸ்டாப்பிங்குக்குப் போக வேண்டுமென்றால், தடுப்பில் யாரோ வளைத்து வைத்த இடைவெளியில் பையை முதலில் தள்ளி, அப்புறம் என்னைத் தள்ள வேண்டும்.

காலையில் துரைப்பாக்கத்தில் ஓர் அக்கா ஏறுவார். கண்ணகி நகர்க்காரர். 2000-க்குப் பிறகு ஊருக்குள் இருந்த குடிசைகளை எடுத்துவிட்டு ஆயிரக்கணக்கான குடும்பங்களைக் கொண்டுவந்து விட்டார்களே, அதில் ஒன்று அவருடையது. இருப்பிடம்தான் இங்கே வந்தது, வேலை இன்னும் அடையாறிலேயே இருக்கிறது. மூன்று வீட்டில் பாத்திரம் துலக்கும் வேலை. 2021-இலிருந்து சாதாரண பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, அவருக்கு அது பெரிய உதவி, மனதாரச் சொல்வார். ஆனால் பஸ் ஊர்ந்து ஊர்ந்து போய் அரை மணி தாமதமானால் முதல் வீட்டில் பேச்சு வாங்குகிறவரும் அவர்தான். "டிக்கெட்டு வேணா வாங்கிக்கிடட்டும் தம்பி, நேரத்துக்குக் கொண்டுபோய் விட்டாப் போதும்" என்றார் ஒரு நாள்.

இதையெல்லாம் ஒன்றாக உட்கார்ந்து யோசிக்கத்தான் சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம் என்று ஒன்று. சட்டம் 2010-இல். முதல் கூட்டம் 2022-இல். 2025 செப்டம்பரில் செயலி வந்தது. பஸ், மெட்ரோ, மின்சார ரயில் மூன்றுக்கும் ஒரே க்யூ.ஆர். டிக்கெட். நல்ல விஷயம்தான், குறை சொல்ல மாட்டேன். டிக்கெட் சட்டைப் பையில் பத்திரமாக இருக்கிறது, பஸ்தான் காரப்பாக்கத்தில் நிற்கிறது.

பஸ்ஸுக்குத் தனி வழி என்று பேச்செடுத்தாலே ஆபீஸ் நண்பர் ஒருவர் டெல்லியைக் காட்டுவார். அங்கே 2008-இல் போட்டு 2016-இல் பெயர்த்து எடுத்தார்கள், உண்மைதான். அகமதாபாத்தில் 2009-இல் தொடங்கியது இன்றும் ஓடுகிறதே என்றால், "அது வேற ஊர்" என்பார். டெல்லி மட்டும் நம்ம ஊரா? பெங்களூரு வெளிவட்டச் சாலையில் 2019-இல் இடது ஓரமாகக் கம்பம் நட்டுப் பஸ்ஸுக்கு வழிவிட்டார்கள். அங்கேயும் மெட்ரோ வேலைதான் வந்து அதை விழுங்கியது. நாளைய ரயிலுக்காக இன்றைய பஸ்ஸைத் தின்பது எல்லா ஊரிலும் உள்ள வியாதி போலிருக்கிறது.

இங்கே நடுவில் தூண் எழுந்துவிட்டது, மிச்சம் இருப்பது இடது ஓரம்தான். அதற்கு 63,000 கோடி வேண்டாம். பெயின்ட், நாலு போலீஸ்காரர், அந்த வளைவிலிருந்து வேன்களைக் கிளப்பும் தைரியம், ஸ்டாப்பிங் மாறினால் ஒரு பலகை. ரயில் வந்த பிறகும் இதெல்லாம் வேண்டும். ஸ்டேஷனில் இறங்குகிறவன் பெரும்பாக்கத்துக்குப் பறந்தா போவான்?

நேற்று கடைசியில் கண்டக்டரே சொல்லிவிட்டார், "சார், இறங்கி நடந்தா முன்னாடி போயிடலாம்." நடந்தேன். செம்மஞ்சேரியில் டீ குடித்து முடிக்கும்போது அதே பஸ் வந்தது. அவர் படியிலிருந்து கை காட்டினார்.

நாளை 1,000 ரூபாய் பாஸ் புதுப்பிக்க வேண்டும். பாஸ் கொடுக்கிற ஜன்னலும் இப்போது தகரத்துக்கு அந்தப் பக்கம் போய்விட்டதாம், இளநீர்க் கடைக்காரர் சொன்னார்.