நட்டது போதும், கொஞ்சம் பிடுங்குவோம்

மழைக்காலம் தொடங்கினால் முகநூல் முழுக்க மரக்கன்றுப் படங்களாக வர ஆரம்பித்துவிடும். நடுகிறவர்களின் மனசைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஊருக்குள், சாலையோரம், பள்ளி வளாகம் என்று எங்கே வேண்டுமானாலும் நடட்டும். ஆனால் அதே உற்சாகத்தோடு மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு நீலகிரிக்கும் பழனி மலைக்கும் கிளம்புகிறார்கள் பாருங்கள், அங்கேதான் எனக்கு வயிறு எரிகிறது. உச்சியில் மொட்டையாகத் தெரிகிற அந்தப் புல்சரிவும் காட்டின் ஒரு பகுதிதான் என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை.

கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டருக்கு மேலே போனால், மலை மடிப்புகளிலும் ஓடைப் பள்ளங்களிலும் மட்டும் மரங்கள் நெருக்கியடித்து நிற்கும். அதுதான் சோலை. குட்டையான மரங்கள், கிளையெல்லாம் பாசி, நண்பகலிலும் உள்ளே மங்கல் வெளிச்சம். அந்த மரக்கூட்டம் சட்டென்று ஒரு கோட்டில் நின்றுவிடும். அதற்கு மேல் சரிவு முழுக்கப் புல். யாரோ மரங்களை வெட்டியதால்தான் இப்படி ஆகிவிட்டது என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் அங்கே மரத்தைத் தடுத்து வைத்திருப்பது உறைபனி. டிசம்பர், ஜனவரி இரவுகளில் திறந்த சரிவில் பனி உறையும்போது சோலை மரக்கன்று கருகிப்போகும். புல் அடித்தூரிலிருந்து மறுபடி தழைத்துவிடும். நீலகிரியில் சாண்டிநல்லா சதுப்பு மண்ணைத் தோண்டி ஆராய்ந்தவர்கள், 20,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே புல் இருந்ததற்கான தடயத்தை 1993-லேயே எழுதிவிட்டார்கள். வரையாடு மேய்வது இந்தப் புல்லைத்தான். பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை குறிஞ்சி பூப்பதும் இதே சரிவுகளில்தான். தோடர்களின் எருமைகள் தலைமுறை தலைமுறையாக மேய்ந்ததும் இங்கேதான்.

வெள்ளைக்காரர்கள் காலத்தில் இதற்கு வைத்த பெயர் தரிசு. தரிசு என்று எழுதிவிட்டால் எதையாவது நட்டுத்தானே ஆகவேண்டும்? ஆஸ்திரேலியாவிலிருந்து சீகை வந்தது, வாட்டில் என்றும் சொல்வார்கள். விறகுக்கு ஆகும், பட்டை தோல் பதனிட ஆகும் என்றார்கள். தைலமரம் வந்தது, அப்புறம் பைன். சுதந்திரம் வந்தும் இது நிற்கவில்லை. ஆலைகளுக்கு மரக்கூழ் வேண்டும் என்று இன்னும் வேகமெடுத்தது. பழனி மலையில் 40 ஆண்டுகளில் புல்வெளி மூன்றில் இரண்டு பங்கு காணாமல் போய்விட்டது என்று செயற்கைக்கோள் படங்களை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2018-ல் வந்தது. கொடைக்கானலில் பைன் மரங்களுக்கு நடுவே நின்று படம் எடுத்து ‘இயற்கையின் மடியில்’ என்று போடுகிறவர்கள், ஒருமுறை குனிந்து தரையைப் பார்க்கலாம். ஊசி இலை மெத்தை மட்டும்தான் கிடக்கும், புல்லோ செடியோ கண்ணில் படுவது அபூர்வம்.

தண்ணீர்க் கணக்கும் இருக்கிறது. நீலகிரியில் கிளன்மார்கன் பகுதியில் இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகளை எடுத்து, ஒன்றைப் புல்லும் சோலையுமாக அப்படியே விட்டுவிட்டு, இன்னொன்றில் தைலமரம் வைத்து 1972 முதல் ஓடைநீரை அளந்தார்கள். முதல் பத்தாண்டுச் சுற்றில் தைலமரம் வைத்த பக்கம் நீர்வரத்து 16 சதவீதம் குறைந்தது. வெட்டிய அடிமரம் துளிர்த்து வளர்ந்த இரண்டாம் சுற்றில் ஏறத்தாழ 25 சதவீதம். பவானிக்கும் மோயாற்றுக்கும் தண்ணீர் போவது இந்த மலையிலிருந்துதான். மரம் நட்டால் மழை வரும், ஆறு பெருகும் என்று மேடைதோறும் சொல்கிறோமே, எந்த மரம், எந்த இடத்தில் என்று யாராவது ஒருமுறை கேட்டால் என்ன?

கேட்க மாட்டோம். ஏனென்றால் நம்முடைய அளவுகோலே மரத்தை எண்ணுகிற அளவுகோல். இந்திய வன ஆய்வு நிறுவனத்தின் கணக்குப்படி, குறைந்தது ஒரு ஹெக்டேர் பரப்பும் 10 சதவீத விதான அடர்த்தியும், அதாவது மேலிருந்து பார்த்தால் மரத்தழை தரையை மூடியிருக்கும் அளவும், இருந்தால் அது வனப்பரப்பு. என்ன மரம், யாருடைய நிலம் என்ற பேச்சே கிடையாது. தைலமரத் தோப்பு சேர்த்தி, தென்னந்தோப்பும் சேர்த்தி. நீலகிரியின் முக்குறுத்தி தேசியப் பூங்காவில் இருக்கும் புல்வெளிக்கு அதில் இடமில்லை. ஆக, புல்வெளி மேல் சீகை ஏறினால் அறிக்கையில் பச்சை கூடிவிட்டதாகத்தான் தெரியும். ஒரு காடு அழிகிற செய்தி, காடு வளர்ந்த செய்தியாக நமக்கு வந்து சேரும்!

சரி, அப்படியென்றால் சீகையை எல்லாம் வெட்டித் தள்ளிவிடலாமா? இப்படிக் கேட்கிற அவசரமும் நடுகிற அவசரத்துக்குத் தம்பிதான். சீகையின் விதை மிளகை விடச் சிறியது, கறுப்பு, கடினமான தோல். மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். மேலே நிழல் இருக்கும்வரை சும்மா இருக்கும். மரத்தை வெட்டி வெயில் பட்டாலோ, தீ ஓடி மண் சூடேறினாலோ, அடுத்த மழைக்கு இறகு போல மெல்லிய இலைகளோடு கூட்டம் கூட்டமாக முளைத்துவிடும். சில வகை வேரிலிருந்தே துளிர்க்கும். கால் வைக்க இடமில்லாமல் முழங்கால் உயரத்துக்கு அது நிற்கும்போது பழைய மரமே தேவலை என்று தோன்றும். முளைத்த முதல் வருடத்தில் கையாலேயே பிடுங்கிவிடலாம், ஈர மண்ணில் வேரோடு வரும். ரெண்டு மூணு வருடம் விட்டுவிட்டால் வெட்டுக்கத்தி வேண்டும், வெட்டினால் அடியில் மறுபடி துளிர்க்கும். ஆகவே வெட்டியதற்கு அடுத்த வருடம், அதற்கடுத்த வருடம், அப்புறமும் பல வருடங்கள் யாராவது அதே சரிவுக்குப் போய்க் குனிந்து பிடுங்கிக்கொண்டே இருக்க வேண்டும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. சோலையை ஒட்டி நிற்கும் பழைய சீகைத் தோப்புகளுக்குள் பார்த்தால், அந்த நிழலின் கீழே பனியிலிருந்து தப்பித்துச் சோலை மரக்கன்றுகள் தானாக வந்துகொண்டிருக்கின்றன. அங்கே போய் ஒட்டுமொத்தமாக வெட்டினால் அந்தக் கன்றுகளும் போகும். அந்த மாதிரி இடங்களை அப்படியே விட்டுவிடலாம் என்பது என் கட்சி. முதலில் போக வேண்டியது, இன்னும் புல் உயிரோடு இருக்கிற சரிவுகளின் ஓரத்துக்கு. அங்கே ஒன்றும் இரண்டுமாக முளைத்திருக்கும் இளம் சீகையை எடுத்துவிட்டால் புல் தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும். அடர்ந்த தோப்பை வெட்டிக் காட்டுவது கண்ணுக்குப் பெரிய வேலையாகத் தெரியும், கிடைக்கிற பலன் குறைவு. புல் முற்றிலும் போன இடத்தில் நாட்டுப் புல்லைத் தூர் பிரித்து, மழை தொடங்கும்போது கையால் நட்டு, சில வருடம் களை எடுக்க வேண்டியிருக்கும். நடவு மோகம் தீராதவர்களுக்கு இந்த வேலை தாராளமாகக் கிடைக்கும்.

இதை யார் செய்வது? காட்டைச் சுற்றி வேலி போட்டு, உள்ளே இருந்தவர்களை வெளியே அனுப்பிவிட்டால் காடு பிழைத்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை நம்மிடம் ரொம்ப காலமாக இருக்கிறது. கர்நாடகாவின் பிலிகிரிரங்கன் மலையில் 1974-ல் சரணாலயம் வந்தபோது, அங்கே வாழும் பழங்குடிகளான சோலிகர்கள் கோடையின் தொடக்கத்தில் சருகுக்கு இடுகிற லேசான தீயும் நின்றுபோனது. அந்தத் தீ நின்ற பிறகுதான் உண்ணிச்செடி இப்படிப் புதராக மண்டியது, நெல்லி மரங்களில் புல்லுருவி ஏறியது என்பது சோலிகர்கள் சொல்வது. உண்ணிச்செடிக்குத் தீ ஒன்றே காரணமா என்பதில் விவாதம் இருக்கலாம். ஆனால் எந்த மாதத்தில் எந்தச் சரிவில் எவ்வளவு தீ என்று தெரிந்தவர்களைக் கலந்துகொள்ளாமல் முடிவெடுத்தது நடந்ததுதானே. 2006-ன் வன உரிமைச் சட்டம், காட்டைக் காக்கவும் நிர்வகிக்கவும் கிராம சபைக்கு உரிமை தருகிறது. சோலிகர்களுக்கு 2011-ல் சமூக வன உரிமை கிடைத்தது, அதுவும் புலிகள் காப்பகத்துக்குள்ளேயே. எனக்குத் தெரிந்து வேலியை விட இது உருப்படியான வழி.

தமிழ்நாட்டில் 2022-ல் அயல் களைத் தாவரங்களை அகற்ற ஒரு கொள்கையே வந்துவிட்டது. நல்ல விஷயம், மனதாரப் பாராட்டுகிறேன். வெட்டிய மரத்தைக் காகித ஆலைக்குக் கொடுத்துச் செலவை ஈடுகட்டும் யோசனையும் தப்பில்லை. எனக்குள்ள பயம் ஒன்றுதான். ஆலைக்குத் தேவை பருத்த மரம். அடுத்த வருடம் முளைக்கிற ஆயிரம் கன்றுக்கு எந்த ஆலையும் காசு தராது. அதனால் அகற்றும் வேலைக்கு எத்தனை டன் வெட்டினார்கள் என்று பார்த்துப் பணம் கொடுக்கக் கூடாது. ஐந்தாவது வருட மழைக்குப் பிறகு அந்தச் சரிவைப் போய்ப் பார்த்து, புல் இருந்தால் மட்டும் கடைசித் தவணை என்று டெண்டரிலேயே எழுதட்டும். பிடுங்குகிற வேலையை அந்தந்த மலையில் வாழ்கிற பழங்குடி மக்களுக்கு, வேட்டைத் தடுப்புக் காவலர்களைப் போலத் தற்காலிகமாக வைத்து இழுத்தடிக்காமல், வருடம் முழுக்கச் சம்பளத்தோடு கொடுக்கட்டும். வனப்பரப்பு அறிக்கையில் மலைப் புல்வெளிக்குத் தனியாக ஒரு பத்தி வரட்டும். அது குறைந்தால் குறைந்தது என்று தெரியட்டும்.

மரத்தை வெட்டச் சொல்கிறானே என்று கமெண்டில் வரப்போகிறவர்களுக்கு: ஆமாம், சில இடங்களில் வெட்டத்தான் சொல்கிறேன். கன்று வாங்க வைத்திருக்கும் பணத்தில் பாதியைப் பிடுங்குகிற கூலிக்குக் கொடுக்கத் தயாரா என்பதை மட்டும் சொல்லிவிட்டுத் திட்டுங்கள்.