எதிரே ஆள் இருந்தால்தான் முடியும் வாக்கியம்

அமெரிக்கப் பழங்குடியினரான மாண்டன் மக்களின் மொழியில் ஒரு சாதாரண வாக்கியத்தைச் சொல்லி முடிக்கவே, கேட்பவர் ஆணா பெண்ணா என்று பார்க்க வேண்டும். ஆணிடம் சொன்னால் வினைமுற்றில் ஒரு விகுதி, பெண்ணிடம் சொன்னால் வேறொன்று. நாம் வாடா, வாடி என்கிறோமே, ஏறக்குறைய அதுபோல. ஆனால் நாம் உரிமையுள்ள இடத்தில் மட்டும்தான் டா, டி போடுவோம், அவர்களுக்கோ மழை பெய்கிறது என்று சொல்வதிலும் அது வந்து உட்காரும்.

இது தெரிந்ததிலிருந்து எட்வின் பென்சன் என்கிற பெரியவர் மனதை விட்டுப் போகவில்லை. அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில், ஃபோர்ட் பெர்த்தோல்ட் பழங்குடிப் பகுதியில் தாத்தாவிடம் வளர்ந்தவர். மாண்டனைத் தாய்மொழியாகச் சரளமாகப் பேசிய கடைசி மனிதர். ட்வின் பியூட்ஸ் ஊர்ப் பள்ளியில் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக் கொடுத்தார், ஆய்வாளர்களோடு உட்கார்ந்து கதைகளைப் பதிவும் செய்தார். 2016 டிசம்பரில் 85 வயதில் இறந்துபோனார். சரி, பதிவு இருக்கிறது, இலக்கணமும் அகராதியும் இருக்கின்றன, மொழி பிழைத்துவிட்டது என்று சிலர் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. கடைசி வருடங்களில் வீட்டில் இருக்கும்போது யாரைப் பார்த்து அவர் அந்த விகுதியைப் போட்டிருப்பார்?

மொழி தானாக அழிந்தது என்ற பேச்சும் வேண்டாம். 1837இல் மிசௌரி ஆற்றில் வந்த வியாபாரக் கப்பலோடு பெரியம்மை வந்தது, மாண்டன் மக்களில் நூற்றைம்பது பேர் அளவில்தான் மிஞ்சினார்கள். மிஞ்சியவர்கள் பக்கத்து ஹிடாட்சா மக்களோடு சேர்ந்து வாழ்ந்தார்கள், பிறகு அரிக்காரா மக்களும் வந்து சேர்ந்தார்கள். அப்புறம் அதே மிசௌரி ஆற்றின் குறுக்கே கேரிசன் அணை. 1948இல் நிலத்தை எழுதிக் கொடுக்கும் நேரத்தில், மூன்று இனங்களின் தலைவர் ஜார்ஜ் ஜில்லெட் முகத்தைக் கையால் மூடிக்கொண்டு அழுகிற புகைப்படத்தை ஒருமுறை பாருங்கள். ஒன்றரை லட்சம் ஏக்கருக்கு மேல் போனது. போனதில் பெரும்பகுதி ஆற்றங்கரை வண்டல், அவர்கள் வாழ்ந்த இடமே அதுதான். மேட்டு நிலத்துக்கு ஏறியவர்களுக்கு, நேற்றுவரை பக்கத்து ஊராக இருந்தது ஏரிக்கு அக்கரையாகிவிட்டது. பேசிக்கொண்டிருந்தவர்களைப் பிரித்துவிட்டால் பேச்சு எங்கே நிற்கும்?

அந்த வண்டலில் என்ன இருந்தது என்பதை பஃபலோ பேர்ட் வுமன் என்ற ஹிடாட்சாப் பாட்டி, கில்பர்ட் வில்சன் என்ற மானுடவியல் ஆய்வாளரிடம் சொல்லியிருக்கிறார். மொழிபெயர்த்துச் சொன்னது அவருடைய மகன், அச்சில் வந்தது 1917இல். மக்காச்சோளக் கொல்லையில் பரண் கட்டி, இளம்பெண்கள் அதில் உட்கார்ந்து காக்கை விரட்டுவார்கள், பாடுவார்கள். பயிருக்கும் உயிர் உண்டு, குழந்தைக்குப் பாடுவதுபோல அதற்கும் பாட வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். அந்த வழியாகப் போகிற பையன்களைக் கேலி செய்யும் பாட்டுகளும் உண்டு. படிக்கும்போது நம் தினைப்புனம்தான் கண்ணில் நின்றது. அந்தப் பாட்டை இன்று எழுத்தில் வாசிக்கலாம், ஆனால் அப்படிப் பரண் கட்டிய கொல்லைகள் தண்ணீருக்கு அடியில்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மாண்டன், ஹிடாட்சா ஆகிய இரண்டு இனங்களிலும் புனிதக் கதைகளுக்குச் சொந்தக்காரர்கள் உண்டு. குதிரை, போர்வை என்று கொடுத்து, விருந்து வைத்துத்தான் ஒருவர் அதைச் சொல்லும் உரிமையைப் பெற முடியும். அதுவும் குளிர்காலத்தில்தான் சொல்லலாம். அதனால் எல்லாவற்றையும் இணையத்தில் கொட்டிவிட்டால் பாதுகாத்ததாகிவிடும் என்று நினைப்பது எனக்கு அநியாயமாகப் படுகிறது. பதிவுகள் முதலில் அந்த மக்கள் கைக்குப் போகட்டும், எதைத் திறப்பது என்பதை அவர்கள் முடிவு செய்யட்டும். ஹிடாட்சாக்களின் வாட்டர்பஸ்டர் குலத்துக்குரிய புனிதப் பொருள்கள் அடங்கிய பொதியை நியூயார்க் அருங்காட்சியகத்திலிருந்து 1938இல் கேட்டு வாங்கி வந்தவர்கள் இவர்கள்.

ஹிடாட்சா பேசும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அதிகம் பேர் இல்லை. பணம் வைத்திருப்பவர்கள் இன்னொரு செயலிக்கும் கருத்தரங்குக்கும் செலவழிப்பதற்கு முன்னால், அந்தப் பாட்டிகளுக்கும் தாத்தாக்களுக்கும் மாதச் சம்பளம் கொடுங்கள். இன்னும் பேசத் தொடங்காத நான்கைந்து குழந்தைகளை நாள் முழுக்க அவர்கள் மடியில் விடுங்கள். இந்த வருடமே.