கட்டுப் போட்டவரும் களத்தில்தான் நின்றார்

ஞாயிற்றுக்கிழமை விழாவில் நடந்ததை நீங்கள் பார்த்திருப்பீர்கள். முன்னாள் படைவீரர்களுக்குச் சால்வை போர்த்தியபோது, "மருத்துவப் பிரிவுக்காரர்கள் இருக்கட்டும், சண்டை போட்டவர்களை முதலில் அழைப்போம்" என்றார் மேடையில் இருந்தவர். பாதி எழுந்த என் அப்பா மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

மருத்துவப் பிரிவுக்காரரும் களத்தில்தான் நிற்கிறார். இதைக்கூடச் சொல்லித்தான் புரியவைக்க வேண்டுமா?

கொரியப் போருக்கு இந்தியா அனுப்பியது துப்பாக்கிப் படையை அல்ல. லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜ் தலைமையில் 60வது பாராசூட் கள மருத்துவப் பிரிவை. 1950 டிசம்பரில் வடகொரியத் தலைநகர் பியோங்யாங்கிலிருந்து ஐ.நா. படையினர் எல்லோரும் பின்வாங்கினார்கள். மருத்துவக் கருவிகளை ஏற்ற வண்டி இல்லை. விட்டுவிட்டு ஓடியிருக்கலாம். கைவிடப்பட்ட நீராவி ரயில் எஞ்சின் ஒன்றைத் தேடிப்பிடித்து, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி, தாங்களே ஓட்டிக்கொண்டு வந்தார்கள். கருவி இல்லாமல் காயம்பட்டவனை எப்படிக் காப்பாற்றுவது? 1951 மார்ச் 23 அன்று முன்சானில் அமெரிக்க வான்குடைப் படையோடு ரங்கராஜும் அவருடைய ஆட்களுமாகப் பன்னிரண்டு பேர் குதித்தார்கள். ரங்கராஜுக்குக் கிடைத்தது போர்க்கள வீரத்துக்கான மகாவீர் சக்ரா விருது. சண்டை போடாதவருக்கா அதைக் கொடுத்தார்கள்?

"செஞ்சிலுவை அணிந்தவரைச் சுடக்கூடாது என்று சட்டம் இருக்கிறதே" என்பீர்கள். பீரங்கிக் குண்டு சட்டம் படித்துவிட்டு விழுவதில்லை. "துப்பாக்கி ஏந்தியவரைச் சிறுமைப்படுத்துகிறாய்" என்பவர்களுக்குப் பதில் சொல்லப்போவதில்லை. அடிபட்டு விழுந்தபோது யாரைக் கூப்பிட்டார் என்று அந்த வீரரையே கேளுங்கள்.

அப்பா நர்சிங் அசிஸ்டென்டாக இருந்தவர். பணிக்காலத்தைப் பற்றி அதிகம் பேசமாட்டார். ஒரே ஒரு முறை சொன்னார்: காஷ்மீரில் ஒரு சாவடி, ஒரு பையனுக்குத் தொடையில் ரத்தம் பீறிடுகிறது, இரண்டு கைகளாலும் அழுத்திப் பிடித்திருக்கிறார். குண்டு விழும் சத்தம் கேட்டதும் மற்றவர்கள் தலையை மூடிக்கொண்டு படுத்தார்கள். "எனக்குக் கை இல்லையே, எடுத்தால் அவன் போய்விடுவானே" என்றார். அவ்வளவுதான். தோசையைப் பிட்டுச் சாப்பிடத் தொடங்கிவிட்டார்.

அந்தக் கைகளைத்தான் ஞாயிற்றுக்கிழமை மடியில் கோத்துக்கொண்டு கடைசி வரை உட்கார்ந்திருந்தார். சால்வை வந்தபோது கூட்டம் பாதி கலைந்திருந்தது. வாய்தவறி வந்த வார்த்தை, பெரிதாக்காதே என்று நேற்றிலிருந்து நான்கு பேர் தொலைபேசியில் சொல்லிவிட்டார்கள். என்னிடம் சொன்ன நால்வரில் ஒருவர்கூட அப்பாவிடம் பேசவில்லை.

சால்வை மடிப்புக் கலையாமல் அலமாரியில் இருக்கிறது. அடுத்த ஆண்டு அழைப்பிதழ் வந்தாலும் நான் அவரை அழைத்து வரமாட்டேன்.