மாடு சாலையில் நிற்கிறது, ஷெரிஃபைக் கூப்பிடு

அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் நாங்கள் இருக்கும் கவுன்டியில், அதாவது நம் ஊர் மாவட்டம் போன்ற ஒரு பிரிவில், வாரம் ஒருமுறை ஒரு பத்திரிகை வருகிறது. பன்னிரண்டு பக்கம் இருந்தால் அதிகம். அதில் நான் முதலில் புரட்டுவது கவுன்டியின் காவல் தலைவரான ஷெரிஃபின் அலுவலகத்துக்கு வந்த அழைப்புகளின் பட்டியலைத்தான். நாள், நேரம், ஒரு வரி விவரம், அவ்வளவுதான். சாலையில் மாடுகள். மான் மீது கார் மோதல். அவசர உதவி எண்ணான 911-ஐ அழைத்துவிட்டுப் பேசாமல் துண்டித்த யாரோ. சோளக்காட்டு ஓரம் விளக்கை அணைத்துவிட்டு நிற்கும் வண்டி. அம்மா தொலைபேசியை எடுக்கவில்லை, போய்ப் பார்க்க முடியுமா என்று வெளியூர் மகள். நாய்த் தொல்லை. துப்பாக்கிச் சத்தம். மறுபடியும் மாடுகள், அதே சாலை.

இதைப் படம் எடுத்துக் கல்லூரி நண்பர்களின் வாட்ஸப் குழுவில் போட்டேன். சிரிப்புப் பொம்மைகளாகக் கொட்டினார்கள். "இதற்கா இடுப்பில் துப்பாக்கியைக் கட்டிக்கொண்டு ஆள் போகிறான்?" என்று சிகாகோவில் இருக்கும் ஒருவன் கேட்டான். "வேலைவெட்டி இல்லாத போலீஸ்" என்று பெங்களூருவிலிருந்து இன்னொருவன் எழுதினான். அவர்களுக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். அது நீண்டுகொண்டே போனதால் இங்கே போடுகிறேன்.

அந்தப் பட்டியலைக் குற்றக் கணக்காகப் படிப்பதால்தான் சிரிப்பு வருகிறது. இந்தக் கிராமப்புறத்தில் எந்தெந்த அலுவலகத்தை மூடிவிட்டார்கள், எந்தெந்த வேலைக்கு ஆளே இல்லை என்பதன் கணக்காக அதைப் படித்துப் பாருங்கள். சிரிப்பு அடங்கிவிடும்.

நாங்கள் இங்கே வந்ததே அப்படி ஆளில்லாத காரணத்தால்தான். என் மனைவி மருத்துவர். படிப்புக்காக ஜே-1 விசாவில் வந்த வெளிநாட்டு மருத்துவர்கள், மருத்துவர் பற்றாக்குறை உள்ள பகுதியில் மூன்று ஆண்டுகள் வேலை செய்தால் ஊர் திரும்பாமல் இங்கேயே தங்கலாம். கான்ராட் 30 என்று இந்தத் திட்டத்துக்குப் பெயர். மாநிலத்துக்கு ஆண்டுக்கு 30 பேர். அமெரிக்காவின் ஊர் பேர் தெரியாத மருத்துவமனைகளில் நம் ஊர்க்காரர்கள் அகப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஐயோவாவில் 99 கவுன்டிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஷெரிஃப். நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை மக்களே வாக்களித்து அவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பல கவுன்டிகள் 24 மைல் நீளமும் 24 மைல் அகலமுமான சதுரங்கள். மைலுக்கு ஒன்றாகக் குறுக்கும் நெடுக்கும் சரளைச் சாலைகள். சிற்றூர்கள் பலவற்றுக்குச் சொந்தப் போலீஸ் கிடையாது. நள்ளிரவில் அந்தச் சதுரம் முழுவதற்கும் ஷெரிஃபின் கீழ் வேலை செய்யும் காவலர்களான டெபுட்டிகள் இரண்டு பேர், அழைப்புகளை எடுக்க ஒரே ஒரு டிஸ்பாட்சர் என்பது எங்கள் பக்கத்தில் சாதாரணம். சிறிய இடங்களில் அந்த டிஸ்பாட்சரே சிறைக்கதவுகளையும் திரையில் பார்த்துப் பொத்தானை அழுத்தித் திறந்துவிடுவார். சிறையும் ஷெரிஃபின் பொறுப்புதான். நீதிமன்றக் காவல், சம்மன் கொடுப்பது, கடன் கட்டாத வீட்டை ஏலம் விடுவது, துப்பாக்கி அனுமதிச் சீட்டு வழங்குவது என்று எல்லாம் அந்த ஒரே கூரையின் கீழ். இத்தனைக்கும் நடுவில் மாட்டையும் ஓட்ட வேண்டும்.

மாட்டை லேசாக நினைக்காதீர்கள். இங்கே வளர்ப்பவற்றில் ஆங்கஸ் இனம் நிறைய, கன்னங்கரேல் என்று இருக்கும். தெருவிளக்கே இல்லாத சாலையில் மணிக்கு 55 மைல் வேகத்தில் வருகிறவனுக்கு அரை டன் எடையுள்ள அந்தக் கறுப்பு, முன்கண்ணாடிக்கு அருகில் வந்த பிறகுதான் தெரியும். ஒருமுறை மனைவியை இரவுப் பணியிலிருந்து அழைத்து வரும்போது இதை நேரில் பார்த்தோம். சிவப்பும் நீலமுமாக விளக்குச் சுழல, டெபுட்டியின் வண்டி சாலையை மறித்து நின்றது. அவர் ஒரு கைவிளக்கோடு மாடுகளுக்கு எதிரே நின்று பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தார். மாடுகள் அவரை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. டிஸ்பாட்சர் எழுப்பிவிட்டிருந்த சொந்தக்காரர், இரவு உடையும் ரப்பர் பூட்ஸுமாக ஒரு வாளிச் சோளத்தோடு வந்து சேர்ந்தார். வாளியை இரண்டு முறை குலுக்கினார். மொத்த மந்தையும் திரும்பி அவர் பின்னால் நடந்தது. டெபுட்டி எங்களிடம் வந்து தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டுவிட்டு, "வேலி நான்காவது முறையாக அறுந்திருக்கிறது" என்றார். யாருடைய வேலி, எந்தக் கம்பம் சாய்ந்திருக்கிறது, அதைச் சரிசெய்ய வேண்டியது யார் என்பதில் அண்டைவீட்டார் இருவருக்கும் என்ன சண்டை என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம்.

அந்தச் சண்டைக்கும் இங்கே ஒரு வழி இருக்கிறது. இரு நிலக்காரர்களும் பொதுவேலியின் நடுவில் முகத்துக்கு முகம் நின்றால், அவரவர் வலக்கைப் பக்கத்துப் பாதி அவரவர் பொறுப்பு. எழுதாத வழக்கம் இது. ஒத்துவராவிட்டால் கவுன்டியின் உட்பிரிவான டவுன்ஷிப்பின் அறங்காவலர்கள் வேலியைப் பார்வையிட்டுத் தீர்ப்புச் சொல்வார்கள். அது சட்டத்திலேயே இருக்கிறது. ஆனால் நள்ளிரவில் அறங்காவலரை யார் எழுப்புவது? டெபுட்டிதான் இரண்டு பேருக்கும் நடுவில் நிற்கிறார்.

அக்டோபர், நவம்பரில் மான்கள் இணை தேடி ஓடும் காலம். அடிபட்ட மான் உயிரோடு துடித்துக்கொண்டிருந்தால் அதைச் சுட்டு முடிப்பதும் டெபுட்டியின் வேலை. இறைச்சி வேண்டும் என்று கேட்டால், எடுத்துப்போக அனுமதிச் சீட்டு எழுதித் தருவார். கார் நொறுங்கிய துக்கத்தில் இருப்பவரிடம் "கறி வேண்டுமா?" என்று கேட்கும் அதிகாரியை வேறு எங்கே பார்க்க முடியும்!

அடுத்தது, வீட்டுக்குப் போய் ஆள் நலமாக இருக்கிறாரா என்று பார்க்கச் சொல்லும் அழைப்புகள். பிள்ளைகள் டெஸ் மாய்னிலோ டென்வரிலோ இருப்பார்கள். எண்பது வயதுத் தாய் பண்ணைவீட்டில் தனியாக. இரண்டு நாளாகத் தொலைபேசியை எடுக்கவில்லை. பக்கத்து வீடு ஒரு மைல் தள்ளி. யாரைக் கேட்பது? டெபுட்டி போவார். கதவைத் தட்டுவதற்கு முன்பே தபால்பெட்டி நிரம்பியிருக்கிறதா, வாசல் பனியில் கால்தடம் இருக்கிறதா, உள்ளே நாய் குரைக்கிறதா என்று பார்ப்பாராம். பல தடவை கிழவி தொலைபேசியைச் சரியாக வைக்காமல் தோட்டத்தில் இருப்பார். சில தடவை அப்படி இருக்காது. தனியாக இருக்கும் முதியவர்களைத் தினமும் காலையில் கணினி வழியாக அழைத்து, பதில் வராவிட்டால் ஆள் அனுப்பும் ஏற்பாட்டைப் பல ஷெரிஃப் அலுவலகங்கள் வைத்திருக்கின்றன. இதை நான் போலீஸ் வேலை என்று சொல்லமாட்டேன். ஒரு காலத்தில் பிள்ளைகளும் பக்கத்துப் பண்ணைக்காரர்களும் தேவாலயமும் செய்த வேலை.

மோசடிக்காரர்களும் இதை மோப்பம் பிடித்துவிட்டார்கள். ஷெரிஃப் அலுவலகத்திலிருந்து பேசுவதாகச் சொல்லி, உங்கள் பேரில் வாரண்ட் இருக்கிறது, பரிசு அட்டை வாங்கி எண்ணைச் சொல்லுங்கள் என்று மிரட்டுகிறார்கள். உடனே மக்கள் ஷெரிஃப் அலுவலகத்தை அழைத்து, நீங்கள்தான் அழைத்தீர்களா என்று கேட்கிறார்கள். பட்டியலில் இன்னும் ஒரு வரி.

இதுவரை சொன்னவற்றையெல்லாம் ஒரு பக்கம் வைத்தால், மனநலத்துக்காக வரும் ஒற்றை அழைப்பு அவற்றைவிடக் கனமானது. ஐயோவாவில் நான்கு அரசு மனநல மருத்துவமனைகள் இருந்தன. தென்கிழக்கில் மவுண்ட் பிளசன்ட், தென்மேற்கில் கிளாரிண்டா, வடமேற்கில் செரோக்கி, வடகிழக்கில் இண்டிபெண்டன்ஸ். 2015-இல் தெற்கில் இருந்த இரண்டையும் மூடினார்கள். மவுண்ட் பிளசன்ட் 1861-இல் திறந்தது. தனியார் இடங்களிலும் சமுதாய மையங்களிலும் இதைவிட நல்ல சிகிச்சை கிடைக்கும் என்று அரசு சொன்னது. படுக்கை தேடி டெபுட்டிகள் மாநிலத்தின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு வண்டி ஓட்டுவதுதான் எங்களுக்குக் கிடைத்தது. நீதிபதி உத்தரவு போடுகிறார், எங்கோ ஒரு படுக்கை காலியாக இருப்பதாகத் தகவல் வருகிறது, நோயாளியைக் காவல் வண்டியின் பின்னிருக்கையில் ஏற்றிக்கொண்டு மூன்று மணி நேரம் போக வேண்டும். எந்தக் குற்றமும் செய்யாதவர், கம்பித் தடுப்புக்குப் பின்னால். அதே நேரத்தில் கவுன்டியில் மிச்சம் இருப்பது ஒரே ஒரு டெபுட்டி. படுக்கை கிடைக்கும்வரை அவசரப் பிரிவில் காத்திருக்கும் மனிதரையும், அவருக்கு அருகில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருக்கும் டெபுட்டியையும் என் மனைவி பலமுறை பார்த்திருக்கிறாள்.

சிகாகோ நண்பனின் வாதம் எனக்குத் தெரியும். இந்த வேலைக்குத் துப்பாக்கி இல்லாத ஆட்களை அனுப்பு என்பான். கொள்கையளவில் சரி. நலம் பார்க்கப் போன போலீஸ் செய்தது உச்சநீதிமன்றம் வரை போனதும் உண்டு. ரோட் ஐலண்டில் கணவன் தற்கொலை செய்துகொள்வானோ என்று பயந்து மனைவி அழைக்க, வந்தவர்கள் அவனை மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டு, வீட்டுக்குள் போய் அவனுடைய துப்பாக்கிகளை எடுத்துச் சென்றார்கள். சமூகத்தைப் பராமரிக்கிறோம் என்று சொல்லி வாரண்ட் இல்லாமல் வீட்டுக்குள் நுழைய முடியாது என்று 2021-இல் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். எனக்கு அந்தத் தீர்ப்பு பிடிக்கும். நல்லெண்ணத்தோடு வந்தாலும் அதிகாரம் அதிகாரம்தான்.

ஆனால் அனுப்புவதற்கு ஆள் எங்கே? ஓரிகன் மாநிலத்தின் யூஜீன் நகரில் 1989 முதல் கஹூட்ஸ் என்ற குழு, மருத்துவ உதவியாளரையும் ஆலோசகரையும் வேனில் அனுப்பிவந்தது. நாடே அதை உதாரணம் காட்டியது. 2025 ஏப்ரலில் அந்த நகரத்திலேயே அது நின்றுபோனது. பெரிய நகரத்திலேயே இந்தக் கதி என்றால் 24 மைல் சதுரத்துக்கு யார் வேன் வாங்கித் தருவார்கள்? தெற்கு டகோட்டா செய்ததுதான் எனக்கு நடக்கக்கூடியதாகத் தெரிகிறது. டெபுட்டியின் வண்டியில் ஒரு டேப்லட் கணினி. நெருக்கடியில் இருப்பவர் கையில் அதைக் கொடுத்துவிட்டு டெபுட்டி விலகி நிற்பார். திரையில் மனநல நிபுணர் பேசுவார். அப்படிப் பேசியவர்களில் பெரும்பாலோர் மருத்துவமனைக்குப் போகாமல் வீட்டிலேயே இருக்க முடிந்திருக்கிறது. வண்டி ஓட்டிப் போய்ச் சேர ஆள் வேண்டும், பேசத் தெரிந்தவர் வேண்டும். இரண்டையும் ஒரே சட்டைக்குள் தேடுவது ஏன்?

ஆளே இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கும் ஓரிகனே சாட்சி. ஜோசஃபின் கவுன்டியில் பெரும்பகுதி மத்திய அரசின் காடு. மரம் வெட்டும் வருமானம் குறைந்தபோது 2000-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின் கீழ் மத்திய அரசு ஈட்டுத்தொகை கொடுத்துவந்தது. 2012-இல் அந்தப் பணம் தீர்ந்தது. ஈடுகட்டச் சொத்து வரியைக் கூட்டலாமா என்று கேட்டபோது மக்கள் வேண்டாம் என்று வாக்களித்தார்கள். டெபுட்டிகளில் பெரும்பாலோருக்கு வேலை போனது. குடும்ப வன்முறைக்கு ஆளாகக்கூடியவர்கள் போதிய காவல் உள்ள இடத்துக்குக் குடிபெயர்வதைப் பற்றி யோசிக்கலாம் என்று ஷெரிஃப் அலுவலகமே அறிக்கை விட்டது. அந்த ஆகஸ்டில், ஒரு சனிக்கிழமை விடியும் முன், முன்னாள் காதலன் கதவை உடைக்கிறான் என்று ஒரு பெண் 911-ஐ அழைத்தார். வார இறுதியில் டெபுட்டி கிடையாது. அழைப்பு மாநிலப் போலீசுக்குப் போனது. அனுப்ப எங்களிடமும் ஆள் இல்லை, அந்த ஆளைப் போய்விடச் சொல்ல முடியுமா என்று டிஸ்பாட்சர் கேட்டார். பத்து நிமிடத்துக்கு மேல் தொடர்பிலேயே இருந்தார். பிறகு அவன் உள்ளே வந்து அந்தப் பெண்ணைத் தாக்கினான். அடுத்த ஆண்டு வரி மறுபடியும் வாக்கெடுப்புக்கு வந்தது. அப்போதும் தோற்றது.

ஷெரிஃபுக்கு நான் கொடி பிடிப்பதாக நினைக்க வேண்டாம். வாக்கு வாங்கி வருகிறவர் வாக்குப் போட்டவரையும் போடாதவரையும் ஒரே கண்ணால் பார்ப்பார் என்று நம்ப நான் குழந்தையல்ல. கவுன்டியில் தனக்கு மேல் யாரும் இல்லை, எந்தத் துப்பாக்கிச் சட்டத்தை அமல்படுத்துவது என்பதைத் தானே முடிவு செய்வேன் என்று பேசும் ஷெரிஃப்கள் ஒரு கூட்டமாகவே இந்த நாட்டில் இருக்கிறார்கள். இரவில் பின்னால் சுழல்விளக்கு தெரிந்தால், மாட்டுக்காக மன்னிப்புக் கேட்ட அதே டெபுட்டியாக இருக்கக்கூடும் என்று தெரிந்தும், என் கைகள் ஸ்டீயரிங்கின் மேல் ஒழுங்காகப் போய் உட்கார்ந்துகொள்கின்றன. இரண்டும் ஒரே ஊரில்தான் நடக்கிறது.

எனக்கு உண்மையான வருத்தம் டிஸ்பாட்சர்களை நினைத்துத்தான். நாட்டின் முதல் 911 அழைப்பே 1968 பிப்ரவரி 16 அன்று அலபாமாவில் ஹேலிவில் என்ற சிற்றூரில்தான் நடந்தது, நியூயார்க்கில் அல்ல. அரை நூற்றாண்டு தாண்டியும், 2018-இல் மத்திய அரசு தொழில்களை வகைப்படுத்தியபோது, இவர்களை அலுவலக உதவிப் பணியாளர்களின் வரிசையில்தான் வைத்தது. மார்பை எப்படி அழுத்துவது என்று தொலைபேசியிலேயே எண்ணிச் சொல்லி உயிரைப் பிடித்துவைப்பவர், கோப்பு அடுக்குபவரோடு ஒரே பட்டியலில். போதாததற்கு இயந்திரங்கள் வேறு. 2022-இல் ஐபோனில் விபத்தை உணரும் வசதி வந்ததும், கொலராடோவின் சம்மிட் கவுன்டியில் பனிச்சறுக்கில் விழுந்தவர்களின் போன்களெல்லாம் தாமாக 911-ஐ அழைத்துத் திணறடித்தன.

நம்மவர்கள் பங்கும் இதில் உண்டு. அலுவலகத் தொலைபேசியில் வெளி இணைப்புக்கு 9, பிறகு 011, பிறகு இந்தியாவுக்கு 91. அவசரத்தில் விரல் ஓர் இலக்கத்தைத் தாண்டினால் 911 விழுந்துவிடும். விழுந்துவிட்டால் பதறிப்போய்த் துண்டிக்காதீர்கள். தவறுதலாக அழைத்துவிட்டேன், இங்கே ஆபத்து ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு வையுங்கள். சொல்லாமல் வைத்தால் திரும்ப அழைப்பார்கள். நீங்கள் அதையும் எடுக்காவிட்டால், அந்த இரவின் இரண்டு டெபுட்டிகளில் ஒருவர் இருபது மைல் தாண்டி உங்கள் கதவைத் தட்ட வந்துகொண்டிருப்பார்.