பணம் வரும்வரை சாவி நம்மிடம்

ஸ்லாக் என்ற அலுவலக அரட்டைச் செயலியில், நான் ஃப்ரீலான்ஸராக வேலை செய்து கொடுத்த வெளிநாட்டு வாடிக்கையாளரின் பெயருக்குப் பக்கத்தில், ஆன்லைனில் இருக்கிறார் என்று பச்சைப் புள்ளி எரிந்துகொண்டே இருக்கும். என் இன்வாய்ஸுக்கு மட்டும் பதில் வராது. மூன்று மாதம் அந்தப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவருடைய தளமோ நான் எழுதிய நிரலில் ஜோராக ஓடிக்கொண்டிருந்தது.

தப்பு என் பக்கமும் உண்டு. "டெஸ்ட் பண்ணிப் பார்க்கிறோம், ரெப்போவை எங்கள் கணக்குக்கு மாற்றிவிடுங்கள்" என்றார். ரெப்போ என்றால் நிரல் முழுவதும் இருக்கும் சேமிப்பிடம். மாற்றிவிட்டேன். சாவியைக் கொடுத்துவிட்டு அப்புறம் அட்வான்ஸ் கேட்ட கதைதான்.

இந்த மாதிரிச் சின்ன பாக்கிக்கு வெளிநாட்டில் வழக்குப் போட்டால் வக்கீல் செலவே அதைத் தாண்டிவிடும். நியூயார்க்கில் ஃப்ரீலான்ஸர்களுக்கென்றே ஒரு சட்டம் இருக்கிறது. நகரத்தில் 2017இல் வந்தது, மாநிலம் முழுக்க 2024இல். 800 டாலரோ அதற்கு மேலோ போகும் வேலைக்கு எழுத்து ஒப்பந்தம் வேண்டும். தேதி பேசாவிட்டால் வேலை முடிந்த 30 நாளுக்குள் பணம் தர வேண்டும். நல்ல சட்டம்தான். கடல் தாண்டி இங்கே உட்கார்ந்திருக்கும் நாம் அதை மட்டும் நம்பி வேலையைத் தொடங்க முடியுமா?

நம் கையில் இருக்கும் பிடி காப்பிரைட், அதாவது பதிப்புரிமை. அமெரிக்காவிலும், நாம் எழுத்தில் மாற்றிக் கொடுக்காதவரை ஃப்ரீலான்ஸராக எழுதிய நிரல் பொதுவாக நம்முடையதுதான். ஆனால் "உருவாக்கிய கணமே உரிமை வாடிக்கையாளருக்கு" என்ற வரியைப் படிக்காமலே கையெழுத்துப் போடுகிறோம். அதை "முழுப் பணமும் வந்தபின்" என்று மாற்றச் சொல்லுங்கள். அதுவரை பயன்படுத்தும் அனுமதியும் இல்லை என்று சேர்த்து எழுதுங்கள். பணம் வராவிட்டால் அவர் தளத்தை வைத்திருக்கும் ஹோஸ்டிங் நிறுவனத்துக்கு, அதை நீக்கச் சொல்லி டிஎம்சிஏ (அமெரிக்கக் காப்பிரைட் சட்டம்) நோட்டீஸ் அனுப்ப அந்த வரிதான் உதவும்.

நிரலுக்குள் ரகசியமாக கில் ஸ்விட்ச், அதாவது தளத்தைத் தூரத்திலிருந்தே முடக்கும் வழி, வைக்கச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஏமாற்றியவன் புகார்தாரர் ஆகிவிடுவான், நாம் கூண்டில் நிற்போம்.

இப்போதெல்லாம் டெமோ என் சர்வரில் மட்டும்தான். பணம் வந்த பகுதி மட்டும் அவர்கள் ரெப்போவுக்குப் போகும். ஃப்ரீலான்ஸ் வேலை பிடித்துத் தரும் அப்வொர்க் தளத்தில் நிலையான விலை வேலை என்றால், மைல்ஸ்டோனுக்கு, அதாவது வேலையின் அந்தக் கட்டத்துக்கு, வாடிக்கையாளர் தளத்திடம் பணம் கட்டியாகிவிட்டதா என்று பார்த்துவிட்டுத்தான் உட்காருவேன். முடித்ததும் சாட்டில் ஃபைலை வீசிவிட்டுப் போகாமல், சமர்ப்பிக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தினால்தான் 14 நாள் கணக்கு ஓடும். அதற்குள் அவர் வாயே திறக்காவிட்டால் பணம் தானாக விடுவிக்கப்படும். பேபாலில் வந்த பணத்தை உடனே செலவழிக்காதீர்கள், 180 நாள் வரை டிஸ்ப்யூட் போட்டு, அதாவது புகார் செய்து, பணத்தைத் திருப்பிக் கேட்க வாடிக்கையாளருக்கு இடமுண்டு.

போன மாதம் ஒருவர், முன்பணம் என்றதும் "எங்கள் வழக்கம் அப்படியில்லை" என்றார். சரி என்றேன். அவர் பெயர் பக்கத்திலும் பச்சைப் புள்ளி எரிகிறது. எரியட்டும், அவருக்காக நான் ஒரு வரிகூட எழுதவில்லை.