கச்சேரிக்கு முன்னால் அந்த ஒரு காபி

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், என்னிடம் மிருதங்கம் கற்றுக்கொள்ளும் பையன் ஒருவனின் அம்மா போன் செய்தார். பையனுக்கு 13 வயது. "சார், மூணு மணிக்குப் போட்டி. சாப்பிட்டதுலேருந்து கண்ணு சொக்கிப்போய் உட்கார்ந்திருக்கான். ரெண்டரைக்கு ஸ்ட்ராங்கா ஒரு காபி கொடுத்துடட்டுமா?" என்று கேட்டார். வேண்டாம்மா, முகத்தைக் கழுவச் சொல்லுங்க, பத்து நிமிஷம் வெளியே நடக்கச் சொல்லுங்க, ஒரு வாழைப்பழம் கொடுங்க என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். ஏன் வேண்டாம் என்று விளக்க அப்போது நேரமில்லை. கச்சேரி சீசன் நெருங்குகிறது, இதே கேள்வி இன்னும் பல வீடுகளில் வரும், அதனால் அவருக்குச் சொல்ல வேண்டியதை இங்கேயே எழுதிவிடுகிறேன்.

முதலில் ஒன்று. நான் காபிக்கு எதிரி இல்லை. காலையில் ஆறு மணிக்கு முதல் டிகாக்‌ஷனில் கலந்த காபி இல்லாமல் என் நாள் தொடங்குவதில்லை. கச்சேரி முடிந்து சபா கேன்டீனில் நின்றுகொண்டு, டபராவில் ஆற்றிக் குடிக்கும் காபிக்கு ஈடாக எதையும் சொல்ல மாட்டேன். நான் சொல்வதெல்லாம் மேடை ஏறுவதற்கு முன்னால் இருக்கும் அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றித்தான்.

இதை நான் கற்றுக்கொண்டது புத்தகத்தில் இல்லை. எனக்கு 26 வயது இருக்கும். ஒரு சபாவில் மத்தியானம் இரண்டு மணிக் கச்சேரி. பாடகர் என்னைவிடப் பதினைந்து வயது பெரியவர், அவருக்கு நான் முதல் தடவையாக வாசிக்கிறேன், எப்படியாவது பெயர் வாங்கிவிட வேண்டும் என்ற துடிப்பு. பன்னிரண்டு மணிக்கு இலை போட்டுச் சாப்பாடு, அதன் பிறகு தூக்கம் தள்ளியது, ஒன்றேகாலுக்கு ஒரு காபி, ஒன்றே முக்காலுக்கு இன்னொன்று. மேடையில் உட்கார்ந்தபோது எனக்குள்ளே விளக்குப் போட்டது மாதிரி இருந்தது. வர்ணம் பிரமாதமாகப் போனது. இரண்டாவது, மூன்றாவது உருப்படி எல்லாம் துள்ளலாக இருந்தன.

மூன்று மணி வாக்கில் மெயின், அதாவது கச்சேரியின் முக்கியமான உருப்படி. தோடியில் ஒரு தீட்சிதர் கிருதி, இரண்டு களை ஆதி தாளம் (எட்டு அடியையும் இரண்டிரண்டாகப் போடுவது), நல்ல சௌக்கம், அதாவது மெதுவான நடை. பல்லவி இரண்டு ஆவர்த்தனம், அதாவது தாளத்தில் இரண்டு முழுச் சுற்று, ஆனதும் எனக்கு ஒன்று தோன்றியது: இவர் ஏன் இப்படி இழுக்கிறார்? அடுத்த அடி வரும் வரும் என்று கை காத்திருக்கிறது, வரவே மாட்டேன் என்கிறது. சரி, நாம்தான் கொஞ்சம் தூக்கிக் கொடுக்க வேண்டும் என்று இடையிடையே சொற்களை, அதாவது மிருதங்க ஒலிகளை, நிரப்ப ஆரம்பித்தேன். அவர் தொடையில் போடும் தாளத்தின் சத்தம் கூடிக்கொண்டே போனது. ஒரு தடவை திரும்பி என் கையைப் பார்த்தார். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

கச்சேரி முடிந்து பையைக் கட்டும்போது அவர் சொன்னது இவ்வளவுதான்: "நல்லா வாசிக்கிற தம்பி. இடம் விட்டு வாசி."

இரண்டு வாரம் கழித்து ஒரு ரசிகர் அந்தக் கச்சேரியின் ஒலிப்பதிவைக் கொடுத்தார். கையில் ஸ்டாப்வாட்சை வைத்துக்கொண்டு கேட்டேன். பல்லவி தொடங்கும்போது ஓர் ஆவர்த்தனம் 16 வினாடி. அனுபல்லவியில் 15. சரணத்துக்கு வரும்போது பதின்மூன்றரை. அவர் இழுக்கவே இல்லை. அவர் நின்ற இடத்தில் நின்று தாளத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார், நான் அவரைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போயிருக்கிறேன். அதைக் கேட்ட அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

எல்லாப் பழியையும் காபி மேல் போடவில்லை. வயசு, பதற்றம், பெயர் வாங்கும் ஆசை எல்லாமே அதில் இருந்தன. ஆனால் அதற்கப்புறம் வருஷக்கணக்கில் என்னையே கவனித்துப் பார்த்துவிட்டேன். காபி குடித்துவிட்டு உடனே உட்கார்ந்தால் வேகமான சொற்கள் நன்றாகத்தான் வரும். கெடுவது கார்வை. இரண்டு சொற்களுக்கு நடுவில் வாசிக்காமல் நிற்க வேண்டிய அந்த நேரம் நீளமாகத் தெரிய ஆரம்பிக்கும், கை அதைக் கடித்துத் தின்றுவிடும். தின்றது வாசிப்பவனுக்குத் தெரியவே தெரியாது, அதுதான் இதில் ஆபத்து.

உள்ளே நடப்பது என்ன என்றும் சொல்லிவிடுகிறேன். நாம் விழித்திருக்கும் நேரம் முழுக்க மூளையில் அடினோசின் என்ற ஒரு பொருள் சேர்ந்துகொண்டே வருகிறது, அது போய் உட்கார வேண்டிய இடத்தில் உட்கார்ந்தால் நமக்குத் தூக்கம் வருகிறது. காஃபீன் அந்த இடத்தில் போய்த் தான் உட்கார்ந்துகொள்கிறது. அவ்வளவுதான். களைப்பு அப்படியே இருக்கிறது, களைப்பு என்ற செய்தி மட்டும் நமக்கு வந்து சேர்வதில்லை. கூடவே அட்ரினலினையும் கொஞ்சம் ஏற்றிவிடுகிறது. குடித்த 30 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் ரத்தத்தில் உச்சத்துக்கு வருகிறது. உள்ளே போனதில் பாதி வெளியேறப் பலருக்கும் சுமார் ஐந்து மணி நேரம் ஆகிறது. இப்போது இதை மேடையோடு சேர்த்துப் பாருங்கள். மேடை ஏறினாலே, திரை விலகினாலே, முன் வரிசையில் ஒரு பெரிய வித்வான் உட்கார்ந்திருப்பது கண்ணில் பட்டாலே, அட்ரினலின் தானாக ஏறுகிறது. இதயம் படபடக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது. அரை மணி நேரத்துக்கு முன்னால் குடித்த காபி சரியாக அந்த நேரத்தில்தான் உச்சத்துக்கு வருகிறது. ஏற்கெனவே பொங்கி வரும் பாலுக்கு அடியில் அடுப்பைத் தூண்டிவிடுகிற வேலை இது.

நாகஸ்வரக்காரர்களும் தவில்காரர்களும் ராத்திரி முழுக்கச் சாமி புறப்பாட்டுக்கு வாசிக்கிறார்களே, அவர்கள் டீயும் காபியும் குடித்துத்தானே வாசிக்கிறார்கள் என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ராத்திரி இரண்டு மணிக்கு, மூன்று வீதி சுற்றி வந்து, நாலாவது வீதி முனையில் நின்று குடிக்கிற டீயும், குளிர்சாதன அறையில் உட்கார்ந்துகொண்டு கச்சேரிக்கு அரை மணி முன்னால் குடிக்கிற காபியும் ஒன்றாகாது. அங்கே உடம்பு தூக்கத்தில் விழுந்துகொண்டிருக்கிறது, தாங்கிப் பிடிக்க ஏதாவது வேண்டும். அந்த வேலையைச் செய்கிற கலைஞர்கள்மேல் எனக்கு இருக்கும் மரியாதைக்கு அளவில்லை. நான் கேட்பது, தூங்கி விழாத உடம்புக்கு அதைக் கொடுப்பானேன் என்று.

அடுத்தது கை. மிருதங்கத்தில் 'நம்' என்று ஒரு சொல். ஆள்காட்டி விரல் வலது பக்கத் தோலின் விளிம்பான மீட்டில் அடிக்கும்போது மோதிர விரல் சாதத்தின், அதாவது கரணை என்றும் சொல்லும் நடுக் கறுப்பு வட்டத்தின், ஓரத்தைத் தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும். கொஞ்சம் அழுத்தினால் ஒலி செத்துவிடும், தொடாமல் விட்டால் வேறு ஒலி வந்துவிடும். அந்தச் சின்னத் தொடுகையில்தான் சுருதி சுத்தமான நாதம் பிறக்கிறது. மிருதங்கத்தின் ஒலி மற்ற பல தோல் கருவிகளைப் போல இல்லாமல் தந்திக் கருவி மாதிரி இசைவான மேல்சுரங்களோடு வருகிறது என்று சர் சி.வி.ராமன் 1920-லேயே எழுதினார். கரணையும் அந்த விரல் தொடுகையும் சேர்ந்து செய்கிற வேலை அது. எல்லோருடைய விரலுக்கும் கண்ணுக்குத் தெரியாத ஒரு நடுக்கம் இயல்பாகவே உண்டு. பழக்கத்துக்கு மேல் காபி போனால் அது கூடும். ஃபரன்ஸ் என்னும் வேகமான சொற்கட்டுகளில் அது மறைந்துவிடும். மிருதங்கம் மட்டும் தனியாக வாசிக்கும் தனி ஆவர்த்தனம் தொடங்கும்போது, சபையே அமைதியாக இருக்கும்போது போடுகிற முதல் 'நம்'மில் காட்டிக்கொடுத்துவிடும்.

எனக்கு இதற்கு ஒரு சோதனை இருக்கிறது. மேடை ஏறுவதற்கு முன் ரவையை நனைத்துப் பிசைந்து தொப்பியின், அதாவது மிருதங்கத்தின் இடது பக்கத் தோலின், நடுவில் அப்புவோம் இல்லையா, ஈரக் கையால் விளிம்பை வட்டமாக வழித்துவிட வேண்டும். கை நிதானமாக இருக்கிற நாளில் அந்த வட்டம் ஒரே சுற்றில் அமைந்துவிடும். படபடப்பாக இருக்கிற நாளில் மூன்று தடவை சுற்றினாலும் விளிம்பு கோணலாக நிற்கும். அப்படி நின்றால் நான் ஐந்து நிமிடம் கண்ணை மூடிக்கொண்டு மூச்சைக் கவனித்துவிட்டு, அப்புறம்தான் சுருதி சேர்க்க வலது பக்கமான வலந்தலையைத் தொடுவேன். வயலின்காரர்களைக் கேட்டால் நீளமாக வில் போடும்போது இதே தொந்தரவு என்று சொல்வார்கள். பாடகர்களுக்கு வேறு கவலை, நெஞ்சில் புளித்து மேலே வருகிறவர்களுக்குக் காபி அதைக் கூட்டும், தொண்டை கரகரத்துவிடும்.

இன்னொரு தவறான எண்ணம் நம் வீடுகளில் உண்டு. கறுப்பாக, கசப்பாக இருந்தால் ஸ்ட்ராங் என்று நினைக்கிறோம். சிக்கரியில் காஃபீன் கிடையாது. சிக்கரி கூடப் போட்ட பொடியில் டிகாக்‌ஷன் கெட்டியாக இறங்கும், நிறம் பிரமாதமாக இருக்கும், ஆனால் காஃபீன் குறைவாக இருக்கும். அதே நேரம் ரொபஸ்டா கொட்டையில் அராபிகாவைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு காஃபீன். அதனால் உங்கள் வீட்டுக் காபியும் ஊருக்குப் போன இடத்துக் காபியும் ஒரே அளவு டம்ளரில் இருந்தாலும் ஒன்றில்லை. வெளியூர்க் கச்சேரியில் புது இடத்துக் காபியை நம்பி இரண்டு டம்ளர் குடித்துவிட்டு மேடை ஏறாதீர்கள்.

பெரிய வித்வான்கள் மேடையிலேயே பிளாஸ்க்கை வைத்துக்கொண்டு காபி குடித்துக்கொண்டே பாடியிருக்கிறார்களே என்ற வாதமும் வரும். உண்மைதான். நாற்பது வருஷம் தினமும் குடித்த உடம்பு அந்த அளவுக்குப் பழகிவிட்டது, அது அவர்களைத் தூக்கி அடிக்காது. பழக்கமான அளவு, பழக்கமான நேரம் என்றால் எனக்கு ஆட்சேபணை இல்லை. அதே காரணத்தால், தினமும் மூன்று காபி குடிப்பவர்கள் கச்சேரி நாளன்று மட்டும் விரதம் மாதிரி நிறுத்தவும் வேண்டாம். கடைசிக் காபியிலிருந்து 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைவலி ஆரம்பித்துவிடும், சரியாகத் தனி வாசிக்கும் நேரத்தில் மண்டையைப் பிளக்கும். என் வழக்கத்தைச் சொல்கிறேன்: ஆறரை மணிக் கச்சேரி என்றால் காலைக் காபி எப்போதும் போல, மத்தியானம் இரண்டு மணிக்கு ஒன்று, அதன் பிறகு மங்களம் முடியும் வரை வெந்நீர்தான்.

என் பேச்சை நம்ப வேண்டாம், நீங்களே சோதித்துப் பாருங்கள். போனில் பதிவை ஓடவிட்டு, மெட்ரோனோம் இல்லாமல், இரண்டு களை ஆதியில் பத்து நிமிடம் வெறும் சர்வலகு, அதாவது தாளத்தோடு ஓடும் எளிய நடை, வாசியுங்கள். முதல் ஆவர்த்தனத்தையும் கடைசி ஆவர்த்தனத்தையும் அளந்து பாருங்கள். ஒரு நாள் காபி குடித்த 45-ஆவது நிமிடத்தில், இன்னொரு நாள் குடிக்காமல். ஒரு தடவை பார்த்தால் போதாது, நாலைந்து தடவை செய்ய வேண்டும். சிலருக்கு வித்தியாசமே இருக்காது, உடம்புக்கு உடம்பு மாறும். அவர்கள் தாராளமாகக் குடிக்கட்டும்.

தினசரிப் பயிற்சியான சாதகத்தைப் பற்றி எனக்கு இதைவிடப் பெரிய கவலை. வேலைக்குப் போய்விட்டு எட்டு மணிக்கு வீட்டுக்கு வந்து, ஒரு காபி குடித்துவிட்டு ஒன்பதிலிருந்து பதினொன்று வரை உட்காருகிறவர்கள் என்னிடம் கற்றுக்கொள்கிறார்கள். அவர்களுடைய ஆர்வத்தைப் பார்த்தால் மனசு நெகிழ்ந்துவிடும். ஆனால் புதிய பாடம் கையில் படிவது தூக்கத்தில்தான். முந்தின நாள் திக்கித் திணறிய ஒரு மோரா (மூன்று தடவை வாசித்து முடிக்கும் சொற்கட்டு) மறுநாள் காலையில் தானாக வழுக்கிக்கொண்டு வருகிறதே, அது இரவில் மூளை செய்த வேலை. படுப்பதற்கு ஆறு மணி நேரம் முன்னால் 400 மில்லிகிராம் காஃபீன் எடுத்துக்கொண்டால்கூடத் தூக்கத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் குறைகிறது என்று 2013-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஒரு டம்ளர் காபியில் அவ்வளவு இருக்காது, சரி. ஆனால் எட்டரைக்குக் குடித்துவிட்டுப் பதினொன்றரைக்குப் படுக்கிறவருக்கு மூன்று மணி நேரம்தானே இடைவெளி. இரண்டு மணி நேரம் உழைத்து வாசித்ததைப் படிய விடாமல் நாமே தடுக்கிறோம். அந்த நேரத்தில் காபி இல்லாமல் நாற்பது நிமிடம் வாசித்துவிட்டுத் தூங்கப் போங்கள், போதும் என்றுதான் நான் சொல்லி அனுப்புகிறேன்.

கடைசியாகக் குழந்தைகள். போட்டி நடக்கும் இடங்களில் இப்போதெல்லாம் எனர்ஜி டிரிங்க் டப்பாவோடு பிள்ளைகளைப் பார்க்கிறேன், வயிறு எரிகிறது. 250 மில்லி டப்பாவில் சுமார் 75 மில்லிகிராம் காஃபீன். குழந்தைகளுக்கு உகந்ததல்ல என்று டப்பாவிலேயே அச்சடித்திருக்கிறது, யாரும் படிப்பதில்லை. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-இல் சொன்ன அளவு, ஆரோக்கியமான பெரியவர்களுக்கு ஒரே தடவையில் 200 மில்லிகிராம், பிள்ளைகளுக்கு எடையில் கிலோவுக்கு 3 மில்லிகிராம். 35 கிலோ எடையுள்ள பையனுக்கு ஒரு நாள் முழுவதற்குமே சுமார் 100 மில்லிகிராம்தான். வழக்கமில்லாத பிள்ளைக்கு, அதுவும் ஏற்கெனவே பயந்துபோய் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு, ஒரு ஸ்ட்ராங் காபியைக் கொடுத்து மேடைக்கு அனுப்பினால் அது அந்தக் குழந்தைக்குச் செய்யும் உதவியே இல்லை. மத்தியானத் தூக்கக் கலக்கம் என்றால் சாப்பாட்டைக் குறையுங்கள், முன்கூட்டியே சாப்பிட வையுங்கள், இருபது நிமிடம் படுக்க விடுங்கள்.

அந்தப் பையனின் அம்மா சாயங்காலம் வீடியோ அனுப்பினார். காபி கொடுக்கவில்லையாம், மொட்டை மாடியில் நடக்க விட்டாராம். பரிசு கிடைக்கவில்லை. சுருதி சேர்க்கும்போது ஒரு கொட்டாவி விட்டான். வாசிப்பை முடித்துவைக்கும் சொற்கட்டான கடைசிக் கோர்வையில் நடுவில் ஒரு நாலு அட்சரக் கார்வை உண்டு, இத்தனை மாதமாக வகுப்பில் ஒரு தடவைகூட அவன் அதை முழுசாக விட்டதில்லை. வீடியோவில் அந்த இடம் வந்ததும் இரண்டு கையையும் தோல்மேலேயே வைத்துக்கொண்டு, உதடு மட்டும் அசைய, நாலையும் எண்ணி நின்றான். அப்புறம்தான் அடுத்த சொல்லை எடுத்தான். நான் அந்த இடத்தை மட்டும் இதுவரை ஐந்து தடவை போட்டுப் பார்த்துவிட்டேன்.