போதுமா என்றும் கணக்குப் பார்க்க வேண்டும்

போன வருடம் எங்கள் மதினிக்குப் பித்தப்பையை எடுத்தார்கள்.

அதற்கு முந்தைய இரண்டு மாதத்தில் பதினோரு கிலோ குறைத்திருந்தார். ஓர் எடைக்குறைப்பு மையத்தில் பணம் கட்டியிருந்தார். காலையில் அவர்கள் கொடுத்த பவுடர், மத்தியானம் ஒரு கிண்ணம் காய், ராத்திரி மறுபடியும் பவுடர். உசிலம்பட்டியில் ஒரு காதுகுத்துக்குப் போனபோது சொந்தக்காரர்கள் எல்லாரும் சுற்றி நின்று "எப்படி இளைச்சுட்ட!" என்று பாராட்டினார்கள். நானும்தான் பாராட்டினேன். அப்புறம் முடி கொத்துக் கொத்தாகக் கொட்ட ஆரம்பித்தது. மாட்டுத்தாவணியில் பஸ்ஸுக்கு நின்றவர் கண் இருட்டி அப்படியே உட்கார்ந்துவிட்டார். கடைசியில் ஒரு நாள் ராத்திரி, வலது விலாவுக்குக் கீழே தாங்க முடியாத வலி. ஸ்கேனில் கல்.

மருத்துவர் கேட்ட முதல் கேள்வியே "சமீபத்துல வெயிட் வேகமா குறைஞ்சுதா?" என்பதுதான். வேகமாக இளைக்கும்போது கல்லீரல் பித்தத்துக்குள் அதிகமாகக் கொலஸ்ட்ராலைத் தள்ளுமாம். சாப்பாடும் எண்ணெயும் ரொம்பக் குறைந்துவிட்டால் பித்தப்பை சுருங்கிக் காலியாவதும் குறைந்துவிடும். தேங்கி நிற்கும் பித்தம் கல்லாகிறது. அவர் இதைச் சொல்லும்போது மதினி என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

வீட்டில் எல்லாரும் சொன்னது, "கலோரி கிலோரின்னு கணக்குப் பார்த்துத் தின்னா இப்படித்தான் ஆகும்." இந்தப் பதிவை எழுதக் காரணமே அந்த வார்த்தைதான். கீழமாசி வீதியில் ஒரு மொத்த மளிகைக் கடையில் பதினெட்டு வருடமாகக் கணக்கெழுதுகிறேன். மதினிக்கு வந்தது கணக்குப் பார்த்ததால் வந்ததில்லை, பார்க்காததால் வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு, இளைத்துக்கொண்டிருந்த அந்த இரண்டு மாதத்தில் அவர் ஒரு நாளில் சாப்பிட்டதை எல்லாம் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன். 700 கலோரி கூடத் தேறவில்லை. உட்கார்ந்து வேலை பார்க்கும் 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 1660 கலோரி வேண்டும் என்கிறது ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். எடையைக் குறைப்பவர்களும் மருத்துவர் மேற்பார்வை இல்லாமல், பெண்கள் 1200க்கும் ஆண்கள் 1500க்கும் கீழே போகக் கூடாது என்பது பொதுவான விதி. மதினிக்கு மேல் வரம்பைச் சொல்லிக் கொடுத்தார்கள். கீழேயும் ஒரு கோடு இருக்கிறது என்று அங்கே ஒருவரும் சொல்லவில்லை.

நானும் எடை குறைத்தவள்தான். 76 கிலோவிலிருந்து 68க்கு வர எனக்குப் பதினோரு மாதம் ஆனது. ஒருவரும் காதுகுத்தில் என்னைச் சுற்றி நின்று பாராட்டவில்லை, அவ்வளவு மெதுவாகக் குறைந்தது. உடம்பில் ஒரு கிலோ கொழுப்பு என்பது ஏறக்குறைய 7700 கலோரி. தினம் 500 குறைத்தால் வாரத்துக்கு அரைக் கிலோ. நான் குறைத்தது 300 அளவில்தான், நடுவில் தீபாவளியும் சித்திரைத் திருவிழாவும் வந்தன. வாரத்துக்கு அரைக் கிலோவிலிருந்து ஒரு கிலோ வரைதான் நிதானமான வேகம். அதற்கு மேல் குறைந்தால் சந்தோஷப்படாதீர்கள், என்ன சாப்பிட்டோம் என்று திரும்பிப் பாருங்கள். புரதம் இல்லாமல் சாப்பாட்டை மட்டும் வெட்டினால் கொழுப்போடு சேர்ந்து தசையும் கரையும். முட்டை, சுண்டல், பாசிப்பயறு, மீன், ஏதாவது ஒன்று தட்டில் தினமும் இருக்க வேண்டும்.

போனில் ஆப் போட்டுப் பார்த்தேன். "ஒரு கப் சாம்பார்" என்கிறது. யார் வீட்டுக் கப், எவ்வளவு பருப்பு, எவ்வளவு எண்ணெய்? எனக்கு அது சரிப்படவில்லை. வேகாத பொருளை நிறுத்துப் பார்ப்பதுதான் எளிது. அரிசி 100 கிராம் என்றால் 350 கலோரி சொச்சம். அதை வடித்தால் கிட்டத்தட்ட முந்நூறு கிராம் சோறு. வீட்டு இட்லி ஒன்று ஐம்பது கிராம் இருந்தது, அறுபது எழுபது கலோரி. மூன்று இட்லி சாப்பிட்டால் இருநூறுதான். ஆனால் பொடிக்கு ஒரு மேசைக்கரண்டி நல்லெண்ணெய் ஊற்றிக் குழைத்தால் அதுவே 120. இட்லியைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்தேன், எண்ணெய் என் கண்ணிலேயே படவில்லை.

எண்ணெயைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரு லிட்டர் பாக்கெட்டில் 910 கிராம் என்று அச்சிட்டிருப்பார்கள். கிராமுக்கு 9 கலோரி, ஆக ஒரு பாக்கெட் 8190. எங்கள் வீட்டில் நாலு பேர், மாதம் ஐந்து லிட்டர் ஆகிக்கொண்டிருந்தது. வகுத்துப் பார்த்தால் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 340 கலோரி, வெறும் எண்ணெயிலிருந்து. ஐந்து இட்லி! மூன்று லிட்டராகக் குறைத்தோம், 205 ஆனது. தாளிக்கப் புட்டியிலிருந்து நேராக ஊற்றுவதை நிறுத்திக் கரண்டியால் அளந்தேன், வடையும் அப்பளமும் வாரம் ஒரு நாள் என்று ஆனது. அவ்வளவுதான் செய்தோம். யாருடைய தட்டிலும் சோறு குறையவில்லை. வீட்டுக் கலோரியை எண்ண வேண்டிய இடம் சாப்பிடுகிறவர் தட்டு இல்லை, மாதச் சாமான் சீட்டு என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

செக்கு எண்ணெய் என்றால் பரவாயில்லை என்று கடைக்கு வருகிறவர்கள் சொல்வார்கள். மணம் நன்றாக இருக்கும், ஆனால் அதுவும் கிராமுக்கு 9தான். சீனிக்குப் பதில் வெல்லமும் நாட்டுச் சர்க்கரையும் போட்டாலும் கணக்கில் பெரிய மாற்றமில்லை. கம்பும் தினையும் அப்படித்தான், கிராமுக்குக் கிராம் அரிசிக்குப் பக்கத்தில்தான் நிற்கும். நார்ச்சத்து கூடுதல், பசி தாங்கும், அதற்காக நானும் சாப்பிடுகிறேன். ஆனால் "சிறுதானியம்தானே" என்று இரண்டு மடங்கு சாப்பிட்டுவிட்டு எடை குறையவில்லை என்று வருத்தப்படுகிறவர்களைத் தினம் பார்க்கிறேன்.

பெண்கள் கணக்கில் விட்டுப்போகும் இன்னொன்று மிச்சம் மீதி. எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகு சட்டியில் ஒரு கரண்டி, பிள்ளை வைத்துவிட்டுப் போன அரைத் தோசை, வீணாகிறதே என்று வாயில் போட்டுக்கொள்வது. அப்பத்தா காலத்திலிருந்து வந்த பழக்கம், அதைத் தப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நான் செய்தது, அந்த அரைத் தோசையை முதலில் என் தட்டில் எடுத்து வைத்துவிட்டு, அதோடு என் பங்கைச் சேர்த்துக்கொண்டது. இதே பெண்கள்தான் வெள்ளிக்கிழமை ஒருபொழுது என்று நாள் முழுக்கக் காப்பியில் ஓட்டுகிறவர்களும். ஒரு நாள் 2200, மறுநாள் 600. எழுதி வைத்துப் பார்த்தபோதுதான் இது எனக்கே தெரிந்தது.

நடையும் வேண்டும். வண்டியூர் தெப்பக்குளத்தை ஒரு சுற்று வந்தால் ஏறக்குறைய 1.2 கிலோமீட்டர். நாலு சுற்றுக்கு என் எடைக்கு 200லிருந்து 250 கலோரி செலவாகலாம். திரும்பும் வழியில் சால்னாவோடு ஒரு பரோட்டா சாப்பிட்டால் அது திரும்பி வந்துவிடும். சர்க்கரைக்கும் மனசுக்கும் நடை ரொம்ப நல்லது, ஆனால் எடை அடுப்படியில்தான் குறைகிறது. பரோட்டாவை விடச் சொல்லவில்லை. மதுரையில் இருந்துகொண்டு அதைச் சொல்ல முடியாது. மாதம் இரண்டு தடவை, எழுதி வைத்துக்கொண்டு, ரசித்துச் சாப்பிடுகிறேன்.

எல்லாருக்கும் இந்தக் கணக்கு ஆகாது. இன்சுலின் போடுகிறவர்களும் சில சர்க்கரை மாத்திரைகள் எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் சாப்பாட்டைக் குறைத்தால் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடும். கர்ப்பிணிகளும் பால் கொடுக்கிறவர்களும் இந்தப் பக்கமே வர வேண்டாம். அப்புறம் வளருகிற பிள்ளைகள். பத்தாவது படிக்கும் என் மகள் ஒரு நாள் தோசையைத் தட்டில் வைத்துக்கொண்டு, "அம்மா, இது எத்தனை கலோரி?" என்று கேட்டாள். எனக்கு நெஞ்சு திக்கென்றது. அவளுக்கு அந்தக் கேள்வியே வரக் கூடாது. அன்றைக்கே நோட்டை அடுக்களையிலிருந்து எடுத்துக் கடை மேசைக்குக் கொண்டுபோனேன். அவள் முன்னால் என் எடையைப் பற்றிக்கூடப் பேசுவதில்லை.

நான் இப்போது தினமும் எழுதுவதில்லை. மூன்று மாதம் எழுதியதிலேயே கண்ணுக்கு அளவு பிடிபட்டுவிட்டது. எடை ஏறுகிற மாதிரி தெரிந்தால் ஒரு வாரம் மட்டும் எழுதுவேன். மதினிக்குத்தான் இப்போது நோட்டு. கடையிலிருந்து ஒரு சின்னத் தராசு வாங்கிக் கொடுத்தேன். அவர் எழுதுவது குறைப்பதற்காக இல்லை, போதுமான அளவு சாப்பிடுகிறோமா என்று பார்ப்பதற்காக.

நேற்று ராத்திரி எட்டரை மணிக்குப் போன் செய்தார். "1050தான் வருது. என்ன சாப்பிடட்டும்?"

"ரெண்டு இட்லி வச்சுக்கங்க மதினி" என்றேன். "பொடிக்கு எண்ணெயும் ஊத்திக்கங்க."